குப்பத்துப் பெண்ணைக் கொல்வது ரத்தமா, தாமதமா?

ஒரு பக்கம் பழவேற்காட்டு ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே ஒரு மணல் திட்டு. அந்தத் திட்டில்தான் லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த மறு வருஷம், 1859-ல், வெள்ளைக்காரன் அங்கே கப்பல்களுக்காக விளக்கேற்றினான். ஊருக்கும் அதுவே பெயராயிற்று. கடலில் போகிறவனுக்கு அங்கிருந்து இன்றுவரை எச்சரிக்கை போய்க்கொண்டிருக்கிறது. கரையில் கூடை சுமக்கும் பெண்ணின் வயிற்றுக்குள் ஆபத்து வளர்ந்தால் அவளுக்கு எச்சரிக்கை சொல்ல யார் இருக்கிறார்கள்?

சென்ற மாதம் அந்தக் குப்பத்துக்குப் போயிருந்தோம். முகத்துவாரம் தூர்ந்து போவதைப் பற்றியும் மீன்பாடு குறைந்ததைப் பற்றியும் எழுதலாமென்றுதான் போனோம். ஆண்கள் அதைத்தான் பேசினார்கள். பெண்கள் எங்களிடம் வாய் திறக்கவில்லை. எங்களுடன் வந்திருந்த மாதர் சங்கத் தோழரை மட்டும் ஒரு அக்கா தனியாக அழைத்துப் போனார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயதிருக்கும். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடை சுமந்து விற்கிறவர்.

“எனக்குத் தூரம் நின்னு ஆறு வருசமாச்சும்மா. இப்ப ரெண்டு மாசமா திரும்பவும் படுது. தெருவுல சொன்னா, உனக்கு வயசு திரும்புதுடின்னு சிரிக்கிறாளுங்க. சூடுன்னு மோர் குடிச்சுப் பார்த்தேன். இது ஒண்ணும் பண்ணாதில்ல?”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களாக்கா?”

“காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா ஏலம் போயிடும். ஏலம் போனா அன்னிக்கு அடுப்பு ஏது?”

மில் தோழர்களே, வயலில் நிற்கும் தோழர்களே! இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இது வெட்கப்பட வேண்டிய சங்கதியல்ல. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது சூடு அல்ல, வயது திரும்புவதும் அல்ல. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. புருஷனோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவே படுவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, இவையும் அப்படியே. எல்லாம் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பலருக்கு வேறு சாதாரணக் காரணமாக இருக்கும். ஆனால் எது என்று கண்டுபிடிப்பது டாக்டரின் வேலை, அண்டை வீட்டுக்காரியின் வேலையல்ல.

கர்ப்பப்பையில் வரும் புற்று முக்கியமாக இரண்டு இடத்தில் வரும். ஒன்று கர்ப்பப்பையின் வாயில், மற்றொன்று உள்சவ்வில். வாயில் வருவதற்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி, ஹெச்.பி.வி. என்று சொல்கிறார்கள். ஆண் பெண் சேர்க்கையில் பரவுவது. அனேகருக்கு வந்து தானே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, 15, 20 வருஷம் கழித்துப் புற்றாக மாறும். உள்சவ்வுப் புற்று பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற வயதில் வருகிறது; உடல் பருமன், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு அதிகம். நம் நாட்டில் கொல்லுவது பெரும்பாலும் முதல் வகை. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறக்குறைய 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். உலகத்தில் இந்த வியாதியால் சாகும் நூறு பெண்களில் 94 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். பணக்கார நாடுகளில் இது அபூர்வமாகிக்கொண்டு வருகிறது.

இருபது வருஷம் அவகாசம் கொடுத்துவிட்டு வருகிற வியாதி. அதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பரிசோதித்திருந்தால் தடுத்திருக்கலாம். ஆனாலும் 80,000 பேர். ஏன்?

“உங்கள் ஜனங்களே இப்படித்தான்”

படித்த கனவான்கள் சிலரிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. “உங்கள் ஜனங்களே இப்படித்தான். சுத்தம் கிடையாது, சொன்னால் கேட்பதில்லை, முற்றிய பிறகுதான் வருவீர்கள்” என்று ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொல்லி நாமே காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம். மீனவர் என்றால் இப்படி, இருளர் என்றால் இப்படி, சேரி என்றால் இப்படி. வியாதிக்குக் காரணம் குலத்திலேயே இருக்கிறதாம்!

இந்தப் பேச்சு நம் நாட்டின் சொந்தச் சரக்கு அல்ல. உலகத்திலேயே பெரிய பணக்கார நாடான அமெரிக்காவில் இதே பேச்சைக் கறுப்பின மக்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அங்கே கணக்கு இருக்கிறது.

அமெரிக்காவில் உள்சவ்வுப் புற்றுதான் அதிகம். அந்த வியாதி கண்ட வெள்ளைக்காரப் பெண்கள் நூறு பேரில் 84 பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். கறுப்பினப் பெண்கள் நூறு பேரில் 63 பேர்தான் தாண்டுகிறார்கள். இந்த வியாதியால் கறுப்பினப் பெண்கள் சாகும் விகிதம் வெள்ளையரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காரணம் கேட்டால், “அவர்களுக்கு வருவது மூர்க்கமான கட்டி” என்று பதில் வருகிறது. இதில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. உள்சவ்வுப் புற்றில் மெதுவாக வளரும் ரகம் ஒன்று, வேகமாகப் பரவும் ரகம் ஒன்று. வேகமான ரகம் கறுப்பினப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. ஏன் அதிகம் என்பதற்கு விஞ்ஞானம் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒரே ரகக் கட்டி, ஒரே கட்டத்தில் கண்டுபிடித்தது என்று எடுத்துக்கொண்டாலும் கறுப்பினப் பெண்தான் அதிகம் சாகிறாள். மெதுவான ரகத்திலும் அப்படித்தான். இதற்கு ரத்தம் என்ன செய்யும்? அவள் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறாள். செய்ய வேண்டிய ஆபரேஷன் அவளுக்குக் குறைவாகவே கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால் அங்கே முதலில் ஸ்கேன் எடுத்து உள்சவ்வின் தடிமனை அளக்கிறார்கள். 4 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பயமில்லை, வீட்டுக்குப் போ என்பது வழக்கம். கெமி டால் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கறுப்பினப் பெண்களிடம் இந்த அளவுகோல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். 2024-ல் வெளிவந்த முடிவுப்படி, புற்று இருந்த கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரை அந்த அளவுகோல் நழுவ விட்டிருக்கும். கறுப்பினப் பெண்களுக்கு அதிகமாக வரும் நார்க்கட்டிகள் ஸ்கேனை மறைக்கின்றன. வேகமான ரகமோ சவ்வு தடிக்காமலே வளரக்கூடியது. மற்றவர்களை வைத்து அளவுகோல் செய்துவிட்டு அதை இவர்கள் மேல் வைத்து அளந்திருக்கிறார்கள்!

தலைமயிரை நேராக்கும் ரசாயனக் களிம்பு என்று ஒரு சரக்கு அங்கே விற்பனையாகிறது. சுருட்டை மயிர் அழகல்ல என்று சொல்லிச் சொல்லியே கறுப்பினப் பெண்களின் தலையில் கட்டிய சரக்கு. அதை வருஷத்துக்கு நான்கு தடவைக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களிடையே கர்ப்பப்பைப் புற்று இரண்டு மடங்குக்கு மேல் காணப்படுகிறது என்று 2022-ல் அமெரிக்க சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமே வெளியிட்டது. களிம்புதான் காரணம் என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் விற்கிறவன் எத்தனை வருஷமாக லாபம் எடுத்திருக்கிறான்! இதுவும் குலத்தின் குற்றமா?

ஒரு புகையிலைக் கூலிக்காரியின் சதை

இங்கே ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஹென்ரியெட்டா லாக்ஸ். அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்த மண்ணில், புகையிலைத் தோட்டத்தில் சிறு வயது முதல் உழைத்தவர். புருஷன் பெத்லஹெம் உருக்காலையில் தொழிலாளி. 1951-ன் தொடக்கத்தில் ரத்தப்போக்கோடு பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனார். கறுப்பர்களுக்கென்று தனி வார்டு இருந்த காலம். கர்ப்பப்பை வாயில் கட்டி. அது என்ன ரகம் என்று அன்று தவறாக எழுதினார்கள். வேகமாகப் பரவும் வேறு ரகம் என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, 31 வயதில், ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு இறந்தார்.

அவரைக் கேட்காமலே அவருடைய கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். அந்தச் செல்கள் சாகவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்ந்துகொண்டே இருந்தன. உலகம் பூராவும் ஆராய்ச்சிசாலைகளுக்குப் போயின. கம்பெனிகள் விற்றுக் காசாக்கின. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ஹெச்.பி.வி. காரணம் என்று காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹாஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஹென்ரியெட்டாவின் செல்களுக்குள்ளேயே அந்த வைரஸின் ஒரு ரகம் இருந்தது. இன்றைய தடுப்பூசி தடுப்பது அந்த ரகத்தையும்தான். அவருடைய பிள்ளைகளோ வைத்தியச் செலவுக்குக் காசில்லாமல் திண்டாடினார்கள். அந்தச் செல்களை விற்ற ஒரு பெரிய கம்பெனி குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023-ல், அதாவது 72 வருஷம் கழித்து.

கட்டி மூர்க்கமானதுதான். அதைவிட மூர்க்கமாக வேறொன்று நடந்திருக்கிறது என்கிறோம்.

திண்டுக்கல் காட்டிய வழி

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஜாதிவாரிக் கணக்குக் கிடைப்பது அரிது. ஆனால் படிப்பை வைத்து ஒரு கணக்கு 2012-ல் வெளிவந்தது. புற்றுநோயால் சாகும் விகிதம், அதிகம் படித்தவர்களைவிடப் படிப்பே இல்லாதவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை என்று கண்ட அதே இரண்டு மடங்கு! படிக்காதவனுக்கென்று தனி ரத்தம் ஒன்று உண்டா?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ம் ஆண்டு ஒரு காரியம் தொடங்கியது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ சுகாதார நிலையமும், சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து செய்தவை. முப்பது வயதிலிருந்து 59 வயது வரையுள்ள பெண்கள். பெரிய மிஷின் இல்லை. பெரிய டாக்டர்கூட இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, நம் வீட்டுச் சமையலில் போடும் வினிகர்தான் அது, பஞ்சால் தொட்டு வைப்பார். ஒரு நிமிஷம். கெட்ட இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் அங்கேயே உறைய வைத்து அழித்துவிடலாம். 2007-ல் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்று வருவது நூற்றுக்கு 25 குறைந்தது. சாவு நூற்றுக்கு 35 குறைந்தது. தோட்டக் கூலிகள், மில் தொழிலாளிகளின் மனைவிமார் வாழும் ஜில்லா அது. அதே ரத்தம், அதே ஜனங்கள். வினிகரும் நர்ஸும் ஊருக்குள் வந்ததும் சாவு குறைந்தது.

(ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பரிசோதனை செய்யாமல் விடப்பட்ட ஊர்களிலும் 30,000-க்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். விஞ்ஞானத்துக்கு ஒப்பீடு தேவைதான். ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு எப்போதும் ஏழைப் பெண்தான் அகப்படுகிறாள் என்பது நம் தொண்டையில் சிக்கிய முள்.)

முள்ளைப் பற்றிச் சொன்னதால் இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். இந்தப் பயங்கள் நம் ஜனங்களிடம் நியாயமாகவே இருக்கின்றன.

2009-ல் ஆந்திராவின் கம்மம் ஜில்லாவிலும் குஜராத்தின் வடோதராவிலும் பாத் என்ற அமெரிக்க ஸ்தாபனம் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டது. பத்ராசலம் பகுதியில் பலர் ஆதிவாசிச் சிறுமிகள். தாய் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஹாஸ்டல் வார்டன்கள் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். மாதர் சங்கங்கள் போராடின. 2010-ல் திட்டத்தை நிறுத்தினார்கள். சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று விசாரணைக் குழு கண்டது. ஆனால் சம்மதம் வாங்கிய விதத்தைப் பார்லிமெண்ட் கமிட்டியே 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதுதான். உலகம் முழுதும் கோடிக்கணக்கான பெண்கள் போட்டுக்கொண்டு தைரியமாக இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் நம்மைவிட ஏழை நாடான ருவாண்டா 2011-லேயே தொடங்கி, நூற்றுக்குத் தொண்ணூறு சிறுமிகளுக்கு மேல் போட்டுவிட்டது. கேட்காமல் போட்டதுதான் இங்கே ஊசியின் பெயரைக் கெடுத்தது.

மற்றொன்று மகாராஷ்டிரத்தின் பீட் ஜில்லா. கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம், வெள்ளைப்படுகிறது என்று வந்தவர்களிடம், “கேன்சர் வந்துவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடு” என்று தனியார் ஆஸ்பத்திரிகள் பயமுறுத்தின. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம் பிடிக்கும் கரும்பு மேஸ்திரிக்கும் அது சௌகரியமாக இருந்தது. 2019-ல் அந்த மாகாண சர்க்கார் போட்ட கமிட்டி 82,309 பெண்களை விசாரித்ததில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை! ஒரு பக்கம் புற்று இருக்கிறவளுக்கு டாக்டர் இல்லை. மறுபக்கம் புற்று இல்லாதவளுக்கு ஆபரேஷன், அதுவும் கடன் வாங்கி. தோழர்களே, வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பரிசோதனை, பிறகுதான் மற்றப் பேச்சு.

ஏலம் போகாமல் வைத்தியம்

இனி தமிழ்நாட்டு நிலைமை. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துக்கத்தில், அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். டாக்டர் சாந்தா 2021-ல் சாகும்வரை அதற்காகவே உழைத்தார். பரிசோதனையில் இந்தியாவிலேயே முன்னால் நிற்பது நம் மாகாணம்தான். எவ்வளவு முன்னால்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒரு தடவை இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 9.8 பேர். இந்தியா முழுவதற்கும் 1.9. முதலிடம் வாங்கிய மாகாணத்தில் பத்தில் ஒன்பது பெண்களுக்குப் பரிசோதனை இல்லை. 14 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போட 36 கோடி ரூபாய் என்று 2025 மார்ச்சில் சட்டசபையில் அறிவித்தார்கள். வரவேற்கிறோம். அது குப்பங்களுக்கும் சேரிகளுக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும். ஊசி போட்ட சிறுமிக்குப் பலன் தெரிய இருபது வருஷம் ஆகும். அதுவரை அவளுடைய தாய்க்கு வினிகர் பரிசோதனைதான் கதி.

பரிசோதனை பழவேற்காட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடியது. ஆனால் வெளிநோயாளிகளைப் பார்ப்பது காலையில். மீன் ஏலமும் காலையில். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கும் காலைதான் கூலி. “சொன்னால் வருவதில்லை” என்கிறவர்கள் எந்த நேரத்துக்குச் சொன்னார்கள் என்று பார்த்தார்களா? பிற்பகல் மூன்று மணிக்குக் குப்பத்துப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பெண் நர்ஸ் வந்து உட்காரட்டும், யார் வருவதில்லை என்று பார்ப்போம். டாக்டர் முன்னால் படுக்கக் கூச்சப்படுகிறவள் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையும் உலகில் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல் எல்லாப் பெண்களுக்கும் கொடுக்கிறார்கள்.

புற்று என்று ஆகிவிட்டால்? பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். அங்கே கதிர்ச் சிகிச்சை கிடையாது. சென்னை சுமார் 60 கிலோமீட்டர். கர்ப்பப்பை வாய்ப் புற்று கொஞ்சம் முற்றியிருந்தால் ஐந்து வாரம், வாரத்தில் ஐந்து நாள், கதிர் வைக்க வேண்டும்; அதன் பிறகு உள்ளே வைக்கும் கதிரும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்குப் பணம் கட்டும். பஸ்ஸுக்கும் துணைக்கு வருகிறவளின் சாப்பாட்டுக்கும் யார் கட்டுவது? போன கூலிக்கு யார் கட்டுவது? பாதியில் நிறுத்திவிட்டுக் கூடை எடுக்கப் போகிறவளைப் பார்த்துத்தான் “உங்கள் ஜனங்களே இப்படித்தான்” என்கிறார்கள்.

மில் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோய்க்கு நீடித்த நோய்க்காலப் பணம் உண்டு. தகுதியுள்ளவருக்குக் கூலியில் நூற்றுக்கு 80 வீதம் இரண்டு வருஷம் வரை. பல பேருக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள், காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்களுக்கு சந்தா கட்டுகிறார்களா என்று சங்கத்தில் கேளுங்கள். வயல் கூலிக்கும் மீன்காரிக்கும் அந்தச் சீட்டுக்கூட இல்லை. சிகிச்சைக் காலத்துக்கு நாட்கூலி, ஒரு துணையோடு போக வர பஸ் பாஸ், சென்னையில் தங்க இடம். இந்த மூன்றையும் சர்க்கார் கொடுத்தால் பாதியில் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

மே 1 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராமசபை கூடும். பிற்பகல் பரிசோதனை முகாம் வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவரலாம். எழுதிப் பதிவு செய்யச் சொல்லலாம். லைட்ஹவுஸ் குப்பம் ஊராட்சியிலும் அரங்கன்குப்பம், கூனங்குப்பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு போவதென்று மாதர் சங்கத் தோழர்கள் பேசியிருக்கிறார்கள்.

அந்த அக்காவை நம் தோழர் ஏலமில்லாத ஒரு நாளில் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். உள்சவ்விலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை. அக்கா மறுநாளே கூடை எடுக்கப் போய்விட்டார்.